கடிகாரம் தவறிய காலை

அத்தியாயம் பதினொன்று

பெட்டி கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. தகரப் பெட்டி. உள்ளே வாலுவின் துணிமணிகள், ஒரு சீப்பு, அத்தை வீட்டுக்குப் போனால் கற்றுக்கொள்ள வேண்டிய தையலுக்காக அப்பா வாங்கி வைத்த ஊசிப் பொதி.

அது ஏன் கட்டப்பட்டது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் பந்துக்காக வாலு மூன்று வீட்டுக் கூரை முகட்டில் நடந்தாள். பத்தொன்பது வயதுப் பெண், படக் கம்பெனியின் துணிக்கிடங்கிலிருந்து எடுத்த கால்சட்டையில், தெருவுக்கு மேலே. தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. பந்து கிடைத்தது. மானம் போயிற்று என்றார் அப்பா.

அன்று மாலை அவர் தன் வலது உள்ளங்கையை நீட்டினார்.

"இதுல அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே தரையை விட்டு ஏற மாட்டேன்னு. வெள்ளிக்கிழமை வரைக்கும் சத்தியம் நின்னா பெட்டியைப் பிரிச்சுடலாம். இல்லேன்னா, அத்தை வீடுதான்."

வாலு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

அது சாதாரணக் கை இல்லை. அப்பா படக் கம்பெனியின் கேமராக்காரர். கேமராவின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. விநாடிக்கு இரண்டு சுற்று. சுற்றுக்கு எட்டுக் கட்டம், அதாவது எட்டுப் படம், விநாடிக்குப் பதினாறு. கை தளர்ந்தால் திரையில் மனிதர்கள் எறும்பு போல் ஓடுவார்கள். கை விரைந்தால் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதப்பார்கள். பதினோரு வருடத்தில் அப்பாவின் கை தளர்ந்ததும் இல்லை, விரைந்ததும் இல்லை. கம்பெனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடிகாரம் என்பார்கள். சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் அவர் கையைப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார்களாம். கம்பெனியில் மற்றவர்களுக்காகத் தாண்டி விழும் குருவி அண்ணன் சொல்வார்.

இன்று செவ்வாய்.

*

பழைய பஞ்சாலையின் மொட்டை மாடி. பக்கத்தில் இன்னொரு மாடி, தகரம் வேய்ந்தது, நாலடி தாழ்வாக. நடுவே பத்தடி வெற்றிடம். கீழே இரண்டு மாடி ஆழத்தில் வைக்கோல் பரப்பி, நான்கு பேர் தடித்த படுதாவை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது ஆலைக் காவல்காரன் மகளின் கதை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவள். வம்புக்கு வந்தவனைப் புரட்டி எடுக்கிறவள். ஊரே தலையில் அடித்துக்கொள்ளும். ஆலையில் தீப்பிடிக்கும்போது அவள்தான் கூரை விட்டுக் கூரை தாண்டிப் போய் ஆலைச் சங்கை ஊதி அத்தனை பேரையும் காப்பாற்றுவாள். கடைசிக் காட்சியில் நீளப் பாவாடை கட்டி, தலை குனிந்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவாள். சுபம்.

இந்தக் கடைசிக் காட்சியைக் கேட்ட அன்று வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "கூரை தாண்டினவ எதுக்கு இறங்கி வரணும்? பார்க்க வர்றவனைக் கூரைக்கு ஏறி வரச் சொல்லுங்க!"

கம்பெனியில் அவளுக்கு வேலை, வெள்ளித்தாள் ஒட்டிய பலகையைப் பிடித்து வெயிலைத் திருப்பி விடுவது. இன்று அவள் தரையில் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்க்கவே இல்லை. பார்க்காமலிருக்க அவள் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

தாண்ட வேண்டியவர் குருவி அண்ணன். கதாநாயகிகள் தாண்ட மாட்டார்கள். ஒல்லியான ஆண் ஒருவர் சவுரிமுடி வைத்துக்கொண்டு தாண்டுவார். எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். குருவி அண்ணன் இதுவரை ஆறு கதாநாயகிகளுக்காக விழுந்திருக்கிறார்.

அவர் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னப்பா?" என்றார் டைரக்டர்.

"நான் குருவிதான் சார். ஆனா பேருக்குத்தான்."

"கீழதான் படுதா பிடிச்சிருக்காங்களே!"

"பிடிச்சிருக்கிற நாலு பேர்ல ஒருத்தன் என் மச்சான். எனக்கும் அவனுக்கும் ஆறு மாசமா பேச்சுவார்த்தை கிடையாது."

டைரக்டர் வெயிலைப் பார்த்தார். பத்தரைக்கு மேல் புகைபோக்கியின் நிழல் மாடியில் விழுந்துவிடும். ஆலையை இடிக்க நாளைக் காலை ஆட்கள் வருகிறார்கள். இன்று விட்டால் படத்தில் கூரையும் இல்லை, தாண்டலும் இல்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா மேலே ஏறி வந்தாள். அம்மா கம்பெனியில் படச்சுருளை வெட்டி ஒட்டுபவள். நேற்று எடுத்த துண்டில் கதாநாயகியின் கழுத்துக்குட்டை முடிச்சு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து, இன்றும் அதேபோல் இருக்கிறதா என்று சரிபார்க்க வந்தவள். கையில் ஒரு சாண் நீளப் படத்துண்டு.

நிலைமையைக் கேட்டாள். விளிம்புக்குப் போய் ஆழத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தம்பி, என் பொண்ணு தாண்டுவா."

டைரக்டர் இரண்டு கையையும் தூக்கினார். "அண்ணி! சத்தியம் வாங்கியிருக்கார்னு கம்பெனி பூரா தெரியும். அண்ணன் என்னைக் கொன்னுடுவார்."

"அவர் அங்க இருக்கார்." அம்மா கை காட்டினாள். எதிரே, நூறடி தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் மேல் கட்டிய பரணில் கேமரா. அதன் பின்னால் கறுப்புத் துணிக்குள் அப்பா. "அங்கேயிருந்து பார்த்தா எல்லாரும் கட்டைவிரல் உயரம்தான். குருவி தம்பின்னு சொல்லிடுங்க."

"அண்ணி, விழுந்துட்டா?"

அம்மா மறுபடி விளிம்பைப் பார்த்தாள்.

"அவ தரையில இருப்பாள்னு நினைக்கிறீங்களா? இன்னைக்கு இல்லேன்னா அடுத்த மாசம் ஏறுவா. கீழ யாரும் இல்லாத இடத்துல ஏறுவா. அதுக்கு இது மேல். நாலு பேர் படுதா பிடிச்சிருக்காங்க." பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அவர் அத்தை வீட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்பட்டும். போனப்புறம் எடுத்துப் பார்க்க எனக்கும் அவளோட ஒரு துண்டு வேணும்."

வாலுவைக் கூப்பிட ஆள் போயிற்று. அவள் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"அப்பா கையில அடிச்சிருக்கேம்மா."

"தெரியும். அதை நான் பார்த்துக்கறேன். தாண்ட முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

வாலு விளிம்பைப் பார்த்தாள். தாழ்ந்த மாடியைப் பார்த்தாள். பின்வாங்கி ஒன்பது காலடி எண்ணினாள்.

"முடியும்."

குருவி அண்ணன் போட்டிருந்த வேஷத்தை அவள் மாட்டிக்கொண்டாள். அவர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். "சவுரி வேணாம் பாப்பா, உனக்குத்தான் சொந்தமா இருக்கே. நான் தாண்டும்போது இடுப்புல ஒரு கை வெச்சுப்பேன், பொம்பளை மாதிரி தெரியணும்னு. நீ அதெல்லாம் பண்ணாதே."

அம்மா கழுத்துக்குட்டையை இடப்பக்கம் முடிந்துவிட்டாள். மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

புகைப் பெட்டிகளைக் கொளுத்தினார்கள். டைரக்டர் ஒலிக்குழலை வாயில் வைத்துப் பரணைப் பார்த்துக் கத்தினார். "குருவி தயார்! சுத்துங்கண்ணே!"

எதிர்ப்பரணில் கை சுழலத் தொடங்கியது. இரண்டு சுற்று, ஒரு விநாடி. இரண்டு சுற்று, ஒரு விநாடி.

வாலு நின்றாள். இடது பாதத்தைத் தூக்கி வலது கெண்டைக்காலில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள். ஐந்து வயதில் முதல் மதிலைத் தாண்டியபோது வந்த பழக்கம். எதைத் தாண்டுவதற்கு முன்னாலும் அதைச் செய்வாள்.

பிறகு ஓடினாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பது காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காத நேரத்தில் அம்மாவுக்குத் தன் பற்கள் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தகரத்தில் ஏதோ விழுந்த ஓசை.

கண்ணைத் திறந்தபோது வாலு எதிர் மாடியில் முழங்காலும் உள்ளங்கையும் ஊன்றிக் கிடந்தாள். எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். கதையில் உள்ளபடி சங்கை நோக்கி ஓடினாள்.

கீழே படுதா பிடித்திருந்த நால்வரும் அப்படியே நின்றார்கள். குருவி அண்ணனின் மச்சான் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"யோவ், அது நீ இல்லையே!"

*

பரணிலிருந்து இறங்கி வந்த அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வலது கையை மட்டும் உதறிக்கொண்டே இருந்தார். அம்மாவைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நடுவுல கை நழுவிடுச்சு. அந்தத் துண்டு தேறாது. வெட்டிப் போட்டுடு. அவ ஓடறா, அப்புறம் அந்தப் பக்கம் எழுந்திருக்கறா. ரெண்டையும் சேர்த்து ஒட்டு. போதும்."

அவ என்றார். அது கதையில் வரும் அவளாகவும் இருக்கலாம். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

மதியம் மூன்று மணிக்கு, படச்சுருளைக் கழுவும் கறுப்பறைக்காரர் ஈரம் காய்ந்த சுருளைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணி, நடுவுல கொஞ்சம் இருட்டடிச்சிருக்கு. வெளிச்சம் பத்தல. கடிகாரத்துக்கு இப்படி வராதே! உடம்புக்கு ஏதாவதா?"

அம்மா சுருளின் நுனியை உதட்டில் வைத்துப் பார்த்தாள். பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும். வழவழப்பான பக்கம் ஒட்டாது. எந்தத் துண்டையும் அவள் அப்படித்தான் தொடங்குவாள். பிறகு கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் பரப்பினாள்.

மகள் ஓடி வருகிறாள். கட்டத்துக்குக் கட்டம் ஒரு காலடியின் கால்பங்கு. சரியான அளவு. அப்பாவின் அளவு.

விளிம்பு. வலது கால் மாடியை விட்டுப் பிரிந்த கட்டம்.

அம்மா கத்தரியை எடுத்தாள். வெட்டுவதற்கு முன் எவ்வளவு நீளம் என்று எண்ணிக் குறித்துக்கொள்வது வழக்கம். நாலடி தாழ்வான மாடிக்குப் பத்தடி தாண்ட ஒரு விநாடி. ஆகப் பதினாறு கட்டம் இருக்க வேண்டும்.

பதினாறு வந்தது. மகள் இன்னும் காற்றிலேயே இருந்தாள்.

இருபது. இருபத்தைந்து. நகக்கண் அளவுகூட நகரவில்லை, அடுத்த கட்டம். முப்பது. கைகள் விரிந்திருந்தன. கழுத்துக்குட்டை பின்னால் பறந்தது, முடிச்சு இடப்பக்கம். கட்டத்துக்குக் கட்டம் படம் மங்கிக்கொண்டே போயிற்று. கை விரைந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். முப்பத்தைந்து.

முப்பத்தெட்டு. அதில்தான் கால் தகரத்தைத் தொட்டது.

திரும்பவும் எண்ணினாள். முப்பத்தெட்டுதான். விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று. பதினோரு வருடமாக இரண்டைத் தாண்டாத கை.

பரணில் இருந்தவருக்கு அவளிடம் பேச முடியவில்லை. கத்தினாலும் கேட்டிருக்காது. அவர் பட்டதெல்லாம் இந்த ஒன்றரை முழத் துண்டில் அப்படியே இருந்தது.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

கதவருகே அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் வாசற்படியைப் பார்த்தார். "காலைத் தேச்சா இல்ல? அப்ப."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தியிருக்கலாம்." வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "நான் பாதியில நிறுத்தினா இன்னொரு தடவை தாண்டச் சொல்லுவாங்களே."

அம்மா மேஜை மேல் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"வெட்டிட்டியா?" என்றார்.

"இல்ல. நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க."

*

மாலை ஐந்து மணிக்கு, ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிய அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டைரக்டர், கதாநாயகி, குருவி அண்ணன், அவருடைய மச்சான், கறுப்பறைக்காரர். வாலு கடைசியில், சுவரோடு சாய்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மடிக்குள் மறைத்துக்கொண்டு.

படம் காட்டும் இயந்திரத்துக்கும் கைப்பிடிதான். அதையும் அப்பாதான் சுற்றுவார்.

அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அவரும் அவளும் தவிர அந்த அறையில் வேறு யாருக்கும் தோன்றாத விஷயம். அந்த இடம் வரும்போது அவர் அதே ஐந்து சுற்றில் சுற்றினால் போதும். எடுத்த வேகமும் காட்டும் வேகமும் ஒன்றாகிவிடும். கை நழுவியதே தெரியாது. படம் ஒரு கணம் இருட்டடிக்கும், ஒருத்தி ஒரு விநாடியில் ஒரு பள்ளத்தைத் தாண்டுவாள், அவ்வளவுதான். கடிகாரம் கடிகாரமாகவே இருக்கும்.

வெள்ளைத் துணியில் புகை எழுந்தது. வாலு வந்தாள். பாதத்தைக் கெண்டைக்காலில் தேய்த்தாள். ஓடினாள்.

அம்மா துணியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள்.

இரண்டு சுற்று, ஒரு விநாடி. இரண்டு சுற்று, ஒரு விநாடி. மாறவில்லை. அவர் தாடை இறுகியிருந்தது. கை மாறவில்லை.

அதற்கப்புறம்தான் அம்மா திரையைப் பார்த்தாள். கட்டைவிரல் உயரத்தில் எடுத்தது அங்கே ஆள் உயரத்துக்கு விரிந்திருந்தது.

வலது கால் மாடியை விட்டு எழுந்தது. எழுந்ததும் பகல் மங்கத் தொடங்கியது. வானம் வெள்ளையிலிருந்து சாம்பலாக, சாம்பலிலிருந்து ஈயமாக மாறியது. சூரியன் அவளைப் பார்ப்பதற்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டதுபோல் இருந்தது. அந்த மங்கலின் நடுவே மகள் மெல்ல, மிக மெல்ல, வந்துகொண்டிருந்தாள். விழவில்லை. பறக்கவும் இல்லை. காற்று அவளை வைத்துக்கொண்டிருந்தது. கழுத்துக்குட்டை ஒரு கொடி தண்ணீரில் அலைவதுபோல் அலைந்தது. இரண்டு கைகளும் விரிந்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, தொப்பிக்குக் கீழே அவள் முகம் திரும்பியது.

அந்த முகத்தில் பயம் இல்லை. துணிச்சலும் இல்லை. தன் வீட்டுக் கூடத்தில் நடக்கிற ஒருத்தியின் முகம்.

பெற்று வளர்த்த பத்தொன்பது வருடத்தில் அம்மா இந்த முகத்தைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? இது அரை நொடிதான் இருக்கும் முகம். தரைக்கு வந்ததும் போய்விடும்.

கால் தகரத்தைத் தொட்டது. வானம் மறுபடி வெளுத்தது.

எதற்கெடுத்தாலும் கத்துகிற டைரக்டர் வாயைக் கையால் பொத்தியிருந்தார். குருவி அண்ணன் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சுருள் முடிந்து வெறும் வெளிச்சம் துணியில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் கை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றார் டைரக்டர். "இன்னொரு தடவை."

அப்பா சுருளைத் திருப்பி மாட்டினார். மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் கை இரண்டு சுற்றுதான்.

"எத்தனையோ படம் பார்த்திருக்கேன். இந்த மாதிரி பார்த்ததே இல்ல," என்றார் டைரக்டர். "இதை எப்படிண்ணே பண்ணீங்க? சங்கு ஊதற இடத்துலயும் இதே மாதிரி சுத்தித் தர முடியுமா?"

"முடியாது."

"ஏன்?"

"சுத்தினது நான் இல்ல." அப்பா கைப்பிடியை விட்டார். "கை தானா ஓடிடுச்சு. அவ மறுபடி தாண்டினா மறுபடி ஓடும். சொல்லி வர்றதில்ல அது."

எல்லோரும் திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தார்கள். வாலு தலையைக் குனிந்துகொண்டாள்.

கதாநாயகி எழுந்தாள். "டைரக்டர் சார், இப்படித் தாண்டினவ கடைசியில பாவாடை கட்டித் தலை குனிஞ்சு உட்கார்ந்தா எவன் நம்புவான்? நான் உட்கார மாட்டேன். வேற முடிவு யோசிங்க."

"வேற முடிவுன்னா? என்ன முடிவு?"

"எனக்கென்ன தெரியும்? தாண்டினவளைக் கேளுங்க."

*

வீட்டுக்கு நடந்தார்கள். அம்மா முன்னால். அப்பா நடுவில். வாலு பத்தடி பின்னால். வெயில் இன்னும் மாடிச் சுவர்களில் இருந்தது.

"அப்பா."

"ம்."

"உங்க கையில அடிச்ச சத்தியத்தை..."

அப்பா நின்றார். "கையைக் காட்டு."

அவள் கிட்டே வந்து காட்டினாள். தகரம் கீறி, இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. அப்பா பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் காய்த்துப்போன கை. அதன் நடுவே புதிதாக ஒரு கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது.

"உனக்கும் உரிஞ்சிருக்கு. எனக்கும் உரிஞ்சிருக்கு. இதுல எங்க அடிச்சு இன்னொரு சத்தியம் வாங்கறது?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கிக்கொண்டாள். அவளுக்கும் அவர்களுக்கும் இருந்த பத்தடி ஐந்தடியாயிற்று. பிறகு மூவரும் ஒரே வரிசையில் வந்தார்கள்.

தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. கதவு திறந்திருந்தது.

வாசலுக்கு நேரே, கூடத்தில், தகரப் பெட்டியின் மேல் பூட்டு போட்டதுபோல் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. வெள்ளிக்கிழமை வர வேண்டியவள்.

"வாங்க, வாங்க. மூணு பேரும் எந்தக் கூரையிலேயிருந்து இறங்கி வர்றீங்க?" என்றாள். "நீ எழுதின கடிதாசு பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுக்கல. பெட்டிச் சாவி எங்கடா? நாளைக் காலை ரயிலுக்கே இவளைக் கூட்டிட்டுப் போறேன். உனக்குப் பொண்ணை அடக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அக்காவின் பேச்சை அப்பா மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

அம்மா அவரைப் பார்த்தாள்.

வாலு வாசற்படிக்கு வெளியே நின்றாள். அத்தையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு, யோசிக்காமல், இடது பாதத்தைத் தூக்கி வலது கெண்டைக்காலில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள்.

அப்பாவின் வலது கை, வெறும் காற்றில், தானாகச் சுழலத் தொடங்கியது.